மைக் ஹெய்ல்வூட்: ஆட்டங்கண்ட ஹொண்டாவும் அடங்காத வீரனும்

பழைய மோட்டார் சைக்கிள்களை நேசிப்பவர்களுக்கு மைக் ஹெய்ல்வூட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால், நமது இளைஞர்களில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 9 உலகப் பட்டங்கள், 76 கிராண்ட் பிரீ வெற்றிகள், மேன் தீவின் டிடி பந்தயத்தில் 14 வெற்றிகள் என அவரது கணக்கு நீளமானது. எனினும் நான் இங்கு எழுத விரும்புவது அவர் இலகுவாக வென்ற பந்தயங்களைப் பற்றியல்ல. நேராக ஓட மறுத்த ஒரு மோட்டார் சைக்கிளுடன் அவர் இரண்டு வருடங்கள் பட்ட பாட்டைப் பற்றியே எழுதுகிறேன். நமது வீதிகளுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

ஹெய்ல்வூட் 1940 ஏப்ரல் 2ஆம் திகதி இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில் பிறந்தார். தந்தை ஸ்டான், மோட்டார் சைக்கிள் வியாபாரத்தில் பெரும் பணம் சம்பாதித்தவர். 1957இல், 17 வயதில் மகன் பந்தயத்தில் இறங்கியபோது நல்ல மெஷின்களுக்குக் குறைவிருக்கவில்லை. தந்தையின் பணம் கதவைத் திறந்து கொடுத்தது உண்மைதான். ஆனால், மேன் தீவின் மதில்களுக்கும் வீடுகளுக்கும் இடையே வளைந்து செல்லும் 60 கிலோமீற்றர் வீதியில் எந்தத் தந்தையின் பணமும் வண்டியை ஓட்டாது. 1961இல் அங்கு ஒரே வாரத்தில் மூன்று பந்தயங்களை வென்ற முதல் மனிதர் அவர்தான்.

அந்த மூன்றில் 125, 250 சிசி வெற்றிகள் ஹொண்டாவில் கிடைத்தவை. 500 சிசி வெற்றியோ ஒற்றைச் சிலிண்டர் நோர்ட்டனில் கிடைத்தது. அந்த நோர்ட்டனின் என்ஜின் அன்றைக்கே பழையது. அதன் பலம் பிரேமில் இருந்தது. பெல்பாஸ்டைச் சேர்ந்த மெக்கென்ட்லெஸ் சகோதரர்கள் வடிவமைத்து 1950இல் பந்தயத்துக்கு வந்த அந்தப் பிரேமுக்கு, பஞ்சணை என்ற பொருளில் பெதர்பெட் என்று பெயர் வந்தது. வளைவில் சாய்த்தால் சாய்த்த கோட்டிலேயே அது நின்றது.

1962 முதல் 1965 வரை எம்.வி. அகுஸ்டாவில் தொடர்ந்து நான்கு முறை 500 சிசி உலகப் பட்டத்தை வென்ற ஹெய்ல்வூட், 1966இல் ஹொண்டாவுக்கு மாறினார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது நான்கு சிலிண்டர் 500. அதன் என்ஜின் அக்காலத்தின் அதிசயங்களில் ஒன்று. சுமார் 85 குதிரைவலுவைத் தந்தது. பிரேமோ அந்த வலுவைத் தாங்கவில்லை. நேர்வீதியில் வேகம் ஏற ஏற வண்டி பாம்பைப் போல நெளிந்தது.

இந்த ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முன் சில்லும் ஹேண்டிலும் மட்டும் ஒரு செக்கனுக்குப் பல தடவை படபடவென அடித்துக்கொள்ளும். மற்றையதில் பின்பக்கத்தோடு சேர்ந்து முழு வண்டியுமே மெதுவாக இடமும் வலமும் அலையும். வேகம் கூடக்கூட இந்த இரண்டாவது வகை மோசமாகும். பிரேம் முறுகினால், பின் சில்லைத் தாங்கும் ஆர்மின் புஷ் தேய்ந்தால், ஹேண்டில் பேரிங் தளர்ந்தால், ஷொக் அப்சோபர் செத்துப்போனால், டயர் சரியில்லாவிட்டால் இரண்டும் வரலாம். பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதும் பிரேக்கைச் சட்டென அழுத்துவதும் நிலைமையைக் கெடுக்கவே செய்யும். பிடியைத் தளர்த்தி, அக்சிலேட்டரை மெதுவாகக் குறைப்பதே வழி.

1967 டிடியில் ஹெய்ல்வூட் அந்த வண்டியில்தான் இத்தாலிய வீரர் ஜியாகோமோ அகொஸ்டினியைச் சந்தித்தார். நடுவழியில் அக்சிலேட்டர் பிடியே கழன்று ஆடத் தொடங்கியது. பிட்டில் நிறுத்தி அதைத் தட்டிப் பொருத்திவிட்டு மீண்டும் துரத்தினார். ஐந்தாவது சுற்றில் அகொஸ்டினியின் செயின் அறுந்தது, வெற்றி ஹெய்ல்வூட்டுக்கு. அன்று மணிக்கு 108.77 மைல், அதாவது சுமார் 175 கிலோமீற்றர் என்ற சராசரியில் அவர் ஓடிய ஒரு சுற்று, 1975 வரை முறியடிக்கப்படவில்லை.

ஆனாலும் அந்த வருடப் பட்டம் கைநழுவியது. இருவரும் ஐந்து பந்தயங்களை வென்று புள்ளிகளிலும் சமநிலையில் நின்றார்கள். இரண்டாம் இடங்கள் அதிகம் என்பதால் பட்டம் அகொஸ்டினிக்குப் போனது. மொன்சாவில் முன்னணியில் ஓடியபோது கியர்பொக்ஸ் காலைவாரியது ஒரு காரணம். ஆனால், குறைந்த வலுவுள்ள எம்.வி. சொன்னபடி வளைந்ததும், ஹொண்டா ஒவ்வொரு வளைவிலும் சண்டை பிடித்ததுமே பெரிய காரணம் என்பது எனது கருத்து. 1968இல் ஹொண்டா கிராண்ட் பிரீயிலிருந்து விலகியது.

பின்னர் அவர் கார்ப் பந்தயத்துக்குச் சென்றார். 1973இல் தென்னாபிரிக்காவின் கயலாமியில், மோதித் தீப்பிடித்த காரில் சிக்கியிருந்த கிளே ரெகசோனியை மீட்க நெருப்புக்குள் கைவிட்டார். தனது உடையில் தீப்பற்ற, அதை அணைத்த பிறகு மீண்டும் திரும்பிப்போய் அவரை மீட்டார். அதற்காகப் பிரித்தானிய அரசு ஜோர்ஜ் பதக்கம் வழங்கியது. 1974இல் ஜேர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நேர்ந்த விபத்து அவரது காலைப் பாதித்தது. அந்தக் காலோடு 1978இல், 11 வருட இடைவெளிக்குப் பின்னர், டுகாட்டியில் மீண்டும் டிடியை வென்றார். அப்போது அவருக்கு வயது 38.

இவ்வளவு ஆபத்துகளைக் கடந்தவரின் முடிவு ஒரு சாதாரண வீதியில் வந்தது. 1981 மார்ச் 21ஆம் திகதி மாலை, உணவு வாங்குவதற்காக மகள் மிஷெலையும் மகன் டேவிட்டையும் காரில் அழைத்துச் சென்றார். வோரிக்ஷயரில், திரும்பத் தடைசெய்யப்பட்ட இடத்தில் ஒரு லொறி குறுக்கே திரும்பியது. சிறுமி மிஷெல் அங்கேயே உயிரிழந்தாள். ஹெய்ல்வூட் இரண்டு நாட்களின் பின்னர் மரணித்தார். டேவிட் பிழைத்துக்கொண்டார்.

நமது இளைஞர்கள் பழைய வண்டி ஒன்றை வாங்கியதும் முதலில் கைவைப்பது என்ஜினிலும் சைலன்சரிலும்தான். தேய்ந்த புஷ்ஷுக்கும் வெடித்த டயருக்கும் செலவழிக்க மனம் வருவதில்லை. உலகின் மிகச்சிறந்த வீரரின் கையிலேயே நெளிந்த வண்டி, பின்னால் தம்பியையும் ஏற்றிக்கொண்டு போகும் ஒரு இளைஞனின் கையில் அடங்குமா? வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னர், இருக்கின்ற வேகத்தைத் தாங்கும் நிலையில் வண்டி உள்ளதா என்று உங்கள் கராஜ் பாஸிடம் கேளுங்கள். பெற்றோரும் அதைக் கேட்க வேண்டும். லொறி, பஸ் ஓட்டும் சகோதரர்களோ மிஷெலை நினைத்துக்கொள்ளட்டும். இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தும் ஒரு திருப்பத்தின் விலை, யாரோ ஒருவரின் பிள்ளையாக இருக்கலாம்.