மோலியேர்

பிரெஞ்சு மொழியை மோலியேரின் மொழி என்று சுட்டும் வழக்கு இன்றும் உளது. அத்துணைப் பெருமை எய்திய புலவர் இறந்தபொழுது, அவருடலை அடக்கஞ் செய்தற்கு ஆறடி நிலம் வேண்டி அவர் மனைவியார் அரசரிடம் மன்றாட நேர்ந்தது. மக்களை நகைக்கச் செய்தலையே தொழிலாகக் கொண்ட ஒருவர்க்கு இந்நிலை வந்தவாறு யாங்ஙனம் என்பதை அவர் வரலாற்றால் அறியலாகும்.

மோலியேர் என்பது அவர் தாமே புனைந்துகொண்ட பெயர். பெற்றோர் இட்ட பெயர் ஜான் பத்தீஸ்து போக்லேன். 1622-ம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ந் தேதி பாரிஸ் மாநகரில், அர்ச். எவுஸ்தாக்கியார் ஆலயத்தில் அவர்க்கு ஞானஸ்நானம் அளிக்கப்பெற்றது. தந்தையார் மெத்தை, திரைச்சீலை, ஆசன விரிப்பு முதலியன அமைக்குந் தொழிலிற் பொருளீட்டி, அரண்மனையில் அத்தொழிற்குரிய பதவியையும் பெற்றவர். மைந்தர்க்குப் பத்து வயதாயிருந்தபொழுதே அன்னையார் இறந்தார். சேசுசபைக் குருமார் நடத்திய கிளெர்மோன் கல்லூரியில் அவர் பயின்றனர் என்பர். தம் மாணவரைக் கொண்டு இலத்தீன் நாடகங்கள் நடிப்பித்தல் அக்குருமாரின் வழக்கம். கல்லூரி நாடகங்களால் யாது பயன் என்று ஐயுறும் ஆசிரியர் எவரேனும் உளராயின், இதனைச் சிறிது எண்ணுவாராக.

தந்தையின் அரண்மனைப் பதவி மைந்தர்க்கே வருவதாயிருந்தது. 1643-ம் ஆண்டில், தமது இருபத்தோராம் வயதில், அவர் அவ்வுரிமையைத் துறந்து, மதலேன் பெஜார் என்னும் நடிகையாருடனும் வேறு சிலருடனுங் கூடி ஒரு நாடகக் குழுவைத் தோற்றுவித்தார். பார்ப்போர் வரவில்லை, கடன் பெருகியது. அரங்கில் எரித்த மெழுகுதிரிகளுக்கும் விலை கொடுக்க இயலாமல், 1645-ம் ஆண்டிற் கடனாளியாகச் சிறை புகுந்தார். விடுபட்டபின் பாரிஸை நீங்கி, ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் வெளிநாடுகளிலன்றித் தம் நாட்டின் பிற பகுதிகளிலேயே ஊர்தோறும் நாடகமாடித் திரிந்தார். அக்காலத்தே கோந்தி என்னும் இளவரசர் அக்குழுவைப் பேணி வந்தார். பின்னர் அவர் பக்தி மார்க்கத்தில் ஈடுபட்டு, நாடகம் பாவம் என்று கருதித் தம் ஆதரவை நிறுத்திவிட்டார். பக்தியுடையோரின் பகைமையை மோலியேர் அறிந்தது இதுவே முதன்முறை எனலாம்.

1658-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ந் தேதி லூவ்ர் அரண்மனையில், இருபது வயதினரான பதினான்காம் லூயி மன்னர் முன்னிலையில் அவர் குழுவினர் நடித்தனர். முதலில் நடித்த துன்பியல் நாடகம் அவையோர் உள்ளத்தைத் தொடவில்லை. பின்னர் மோலியேர் தாம் இயற்றிய சிறு நகை நாடகம் ஒன்றை நடித்துக்காட்ட, மன்னர் மகிழ்ந்து பாரிஸிலேயே அரங்கு ஒன்றனை அளித்தார். அடுத்த ஆண்டில், போலி நாகரிகம் பேசும் மங்கையரை எள்ளிய நாடகத்தால் அவர் புகழ் நகரெங்கும் பரவிற்று.

1664-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி வெர்சேல்ஸ் அரண்மனை விழாவில் தார்த்தூப் என்னும் நாடகம் அரங்கேறியது. கோயிலில் உருக்கமாகச் செபிக்கும் ஒருவனைக் கண்டு மயங்கிய ஓர்கோன் என்னுஞ் செல்வன் அவனைத் தன் இல்லத்திற்கு அழைத்து வருகின்றான். வேறொருவர்க்கு உறுதி கூறிய மகளை அவனுக்கே மணமுடிக்க எண்ணுகின்றான். மகனைத் துரத்திவிட்டுச் சொத்து முழுவதையும் அவன் பேரில் எழுதிவைக்கின்றான். அவனோ அச்செல்வனின் மனைவியையே விரும்புகின்றான். அவள் தன் கணவனை மேசையின் கீழ் ஒளித்துவைத்து, அவ்வேடதாரியின் சொற்களை அவன் செவியாலேயே கேட்கச் செய்கின்றாள். இன்று வழங்கும் ஐந்து அங்கங்களில் முதலிரண்டிலும் தார்த்தூப் மேடைக்கு வருவதே இல்லை. அவனைப் பற்றிய பேச்சையே கேட்டுக் கேட்டு, அவையோர் அவன் வருமுன்னரே அவனை அறிந்துகொள்கின்றனர். நம் நகைப்பிற்கு ஆளாகுபவன் அவனினும் ஓர்கோனே என்பது எம் கருத்து.

பக்தர் கூட்டத்தார் சினந்தெழுந்தனர். குருவானவர் ஒருவர் மோலியேரை உயிருடன் எரித்தல் தகும் என்றும் எழுதினார். மன்னர் நாடகத்தைச் சுவைத்தும், பொதுமக்கள் முன் ஆடலாகாது எனத் தடுத்தார். 1667-ம் ஆண்டில் பெயரையும் உடையையும் மாற்றி மீண்டும் அரங்கேற்றினர். மன்னர் போர்க்களஞ் சென்றிருந்தமையால், பாரிஸ் நீதிமன்றத் தலைவர் மறுநாளே தடை விதித்தார். அந்நாடகத்தைப் பார்ப்பவரையும் படிப்பவரையும் திருச்சபையினின்று விலக்குவதாக அதிமேற்றிராணியார் அறிவித்தார். மோலியேர் மன்னர்க்கு விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் விடுத்தார். ஐந்தாண்டுப் போராட்டத்தின்பின், 1669-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ந் தேதி தடை நீங்கியது. மக்கள் திரண்டு வந்தனர்.

தார்த்தூபின் வாயிற் பிறக்குஞ் சொற்கள் மெய்யடியார் வாயிலும் பிறப்பனவே. ஆதலின், அவையோரின் நகைப்பு எங்கே சென்று தங்குமோ என்று அஞ்சியவர்களைப் பேதையர் எனத் தள்ளுதல் முறையன்று. ஆயினும், வேடதாரிகளைக் கடிதலிற் சுவிசேஷம் காட்டுங் கடுமையை மோலியேர் எய்தினாரல்லர். திருச்சபைக்குத் தீங்கு இழைத்தவர் தார்த்தூப் போன்றவரேயன்றி, அவரை அடையாளங் காட்டியவர் அல்லர்.

இப்போராட்டத்தினிடையே அவர் எழுதுகோல் ஓயவில்லை. மனிதரை வெறுப்பவன் 1666-லும், உலோபி 1668-லும், பிரபுவாக விழைந்த வணிகன் 1670-லும் வெளிவந்தன. இல்லறமோ இனிதாயில்லை. 1662-ல் தம்மினும் ஏறத்தாழ இருபது வயது இளையவரான அர்மாந்து பெஜாரை மணந்தார். மன்னரே ஞானத்தந்தையாய் நின்ற முதன்மகவு ஓராண்டு நிரம்புமுன் இறந்தது. அவரையும் மார்புநோய் பற்றிக்கொண்டது.

நோயின்றியே தன்னை நோயாளியாகக் கருதும் ஒருவனைப் பற்றியது அவருடைய கடைசி நாடகம். 1673-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 17-ந் தேதி, அதன் நான்காம் ஆட்டத்தில், உண்மை நோயாளியான மோலியேர் அப்பொய் நோயாளியாக நடித்தார். இன்று ஓய்வு கொள்க என்று வேண்டியவர்க்கு, அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் தொழிலாளர் என் செய்வர் என வினவினராம். ஆட்டத்தின் முடிவில் உடல் நடுக்குற்றது. அதனை ஒரு நகைப்பால் மறைத்தார். அன்றிரவே இல்லத்தில் இரத்தங் கக்கி உயிர் நீத்தார்.

குருவானவரை அழைத்துவர ஆள் போயிற்று. இருவர் வர மறுத்தனர்; மூன்றாமவர் வருமுன் உயிர் பிரிந்தது. தம் தொழிலைத் துறந்துவிட்டதாக அறிக்கையிடாது இறந்த நடிகர்க்கு மந்திரித்த பூமியில் இடமில்லை என்பது அக்கால விதி. அர்மாந்து மன்னரை அடைந்து வேண்டினார். அதன்பின், ஆடம்பரமின்றி, இரு குருமாருடன் மட்டும், இருட்டியபின் அடக்கஞ்செய்ய அதிமேற்றிராணியார் இசைந்தார். பிப்ரவரி 21-ந் தேதி இரவில் அர்ச். சூசையப்பர் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கஞ் செய்யப்பெற்றார்.

1680-ம் ஆண்டில் மன்னர் ஆணையால் அவர் குழுவின் வழிவந்தோரும் போட்டிக் குழுவினரும் ஒன்றாக்கப்பட்டுக் கொமெதி பிரான்சேஸ் என்னும் நாடகசாலை தோன்றிற்று. அதனை மோலியேரின் இல்லம் என்றே இன்றும் அழைப்பர். கடைசி ஆட்டத்தில் அவர் அமர்ந்திருந்த நாற்காலி அங்கே காக்கப்பட்டு வருகின்றது. தார்த்தூப் அங்கு மூவாயிரம் முறைக்கு மேல் ஆடப்பெற்றுள்ளது.