ஜோசபின் பட்லர் அம்மையார்

1864-இல் ஒரே மகள் ஈவா மாடியிலிருந்து விழுந்து மாண்டாள். அத்துயரோடு 1866-இல் லிவர்பூலில் குடியேறிய பட்லர் அம்மையார், அவ்வூர் ஏழையர் விடுதிக்குச் சென்றார். பழைய கப்பற்கயிற்றைப் பிரித்து நாரெடுத்த பெண்களோடு தாமும் தரையில் அமர்ந்து நாரெடுத்தார். அவருடைய தடுமாற்றத்தைக் கண்டு அப்பெண்கள் சிரித்தார்களாம். அவர் ஏறிய மேடைகளைவிட இந்தக் காட்சியே என் நெஞ்சில் நிற்கிறது.

படை முகாம்களும் துறைமுகங்களும் இருந்த ஊர்களில், விலைமகள் என்ற ஐயத்தின் பேரில் ஒரு பெண்ணைக் காவலர் பிடித்துக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்றது அன்றைய இங்கிலாந்துச் சட்டம். ஆணுக்கோ சோதனை இல்லை! 1869-இல் அதனை எதிர்க்கும் மாதர் இயக்கத்திற்கு அம்மையார் தலைமை ஏற்றார். 17 ஆண்டுகள் போராடினார். 1886-இல் சட்டம் நீங்கியது. அப்போதும் அவர் ஓய்ந்தாரில்லை. இந்தியாவின் இராணுவக் கன்டோன்மென்டுகளில் நடந்த அதே கொடுமையை எதிர்க்கத் தொடங்கினார்.