வயற்காணியிற் கப்பல் கட்டிய கப்டன் ஜொசுவா ஸ்லோக்கம்

தன்னந்தனியனாகப் பாய்க்கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்த முதல் மனிதர் கப்டன் ஜொசுவா ஸ்லோக்கம் ஆவார். 1895 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து பாயெடுத்து, 46,000 மைல் ஓடி, 1898 இல் அவர் திரும்பி வந்த பயணத்தைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அந்தக் கப்பலை ஒரு வயற்காணியில் நின்று தமது கைகளாலேயே கட்டி முடித்தவரும் அவரே என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஓடாவிமார் ஏரா வைத்து, வங்கு நாட்டி, கலப்பற்றுப் பார்த்துக் கப்பல் இறக்கிய கரையோர ஊர்களைக் கொண்ட எமது பகுதி மக்களுக்கு அதன் அருமை எளிதில் விளங்கும்.

ஸ்லோக்கம் 1844 பெப்ரவரி 20 ஆந் திகதி, இன்றைய கனடாவைச் சேர்ந்த நொவா ஸ்கோஷியாவில் மவுன்ற் ஹான்லி என்னும் இடத்திற் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் ஐந்தாமவர். தந்தையார் கமக்காரர், பின்னர் பிறையர் தீவிற் குடியேறிச் சப்பாத்துத் தைக்கும் தொழில் நடத்தினார். மிகக் கண்டிப்பானவர். தாயாரோ வெளிச்சவீட்டுக் காவலர் ஒருவரின் மகள். பத்து வயதளவிற் சிறுவனின் பள்ளிப் படிப்பு நின்றது. சப்பாத்துப் பட்டறையில் இருத்தப்பட்ட அவன், ஒளித்திருந்து சிறிய கப்பலொன்றைச் செதுக்கி வந்தான். அதைக் கண்ட தந்தையார் நிலத்தில் அடித்து நொறுக்கிவிட்டார் என்பது அக்குடும்பத்தில் வழங்கிய கதை. மரத்துண்டு நொறுங்கியது, ஆசை நொறுங்கவில்லை. 14 வயதில் வீட்டை விட்டோடி மீன்பிடிக் கப்பலொன்றிற் சமையல் வேலைக்குச் சேர்ந்தான். திரும்பி வந்தாலும் நெடுநாள் தங்கவில்லை. 1860 இல் தாயார் காலமான பின், 16 வயதில், அந்த வீட்டோடு இருந்த தொடர்பு அறுந்தது.

கூலிக் கப்பலோட்டியாகத் தொடங்கியவர் 25 வயதிற் கப்டன் ஆனார். 1871 இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வேர்ஜினியா வோக்கர் என்னும் பெண்ணை மணந்தார். அன்று தொடக்கம் கப்பலே குடும்பத்தின் வீடாயிற்று. பிள்ளைகள் கடலிலும் துறைமுகங்களிலும் பிறந்தனர். இடையிடையே ஸ்லோக்கம் மரவேலையையும் கைவிடவில்லை. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் மீன்பிடி வள்ளங்கள் செய்தார். பிலிப்பைன்ஸின் சூபிக் குடாக் கரையில் நீராவிக் கப்பலொன்றுக்கு உடல் கட்டிக் கொடுத்தார். பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றியது இந்தக் கைத்தொழில்தான்.

1884 ஜூலை மாதம் புவனஸ் அயர்ஸ் துறைமுகத்திற் கப்பல் நின்றபோது வேர்ஜினியா நோயுற்று இறந்தார். அதன் பின் கப்டனுக்கு ஒன்றும் சரிவரவில்லை. 1886 இல் உறவுப் பெண்ணான ஹெற்றி எலியற்றை மறுமணம் செய்தார். அவருடைய அக்குயிட்நெக் கப்பலில் பெரியம்மை பரவியது. மாலுமிகள் கலகம் செய்தனர். தன்னைக் காக்கத் துப்பாக்கி எடுத்தவர் ஒருவனைக் கொல்ல நேர்ந்தது, விசாரணையில் விடுதலையானார். இறுதியாக 1887 டிசம்பரில் பிறேசிலின் பரணகுவா குடாவில் அக்கப்பல் மணற்றிட்டில் ஏறிச் சிதைந்தது. மனைவி, மூத்த மகன் விக்ரர், சிறுவன் காபீல்ட் ஆகியோருடன் அந்நிய நாட்டுக் கரையில் கையில் காசின்றி நின்றார்.

வேறொருவராயின் தூதரகத்தின் படியேறி ஊருக்கு அனுப்பும்படி கேட்டிருப்பார். ஸ்லோக்கம் கரையிலேயே ஒரு படகு கட்டத் தொடங்கினார். கைவசம் இருந்த ஆயுதங்கள் ஒரு கோடரி, ஒரு வாய்ச்சி, இரண்டு வாள்கள், சில துறப்பணங்கள் ஆகியனவே. பழைய பாய்ப்பையொன்றுடன் கரையொதுங்கிய ஓர் அரம் அவற்றிலெல்லாம் பெறுமதியானதாக இருந்ததாம். பாய் தைக்கும் ஊசிகளே துளை போடும் ஆயுதங்களாயின. உடைந்த கப்பலின் பலகைகளுடன் காட்டு மரங்களும் சேர்ந்தன. அடித்தளத்துக்கு இரும்பு போன்ற வைர மரம். பக்கங்களுக்குச் சீடர் பலகை. கப்பலின் அடியிற் போர்த்தியிருந்த உலோகத் தகட்டை உருக்கி ஆணி செய்தார். ஆணியின் முனையில் இடும் வளையத்துக்கு வழியில்லாதபோது பிறேசில் நாட்டுச் செப்புக் காசுகளைத் துளைத்து அதற்கு இட்டார். பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கௌவிகளுக்கு வளைந்த கொய்யா மரக் கொம்புகள் உதவின. ஹெற்றி அம்மையார் பாய்களைத் தைத்தார். விக்ரர் தந்தைக்குத் துணை நின்றான்.

படகின் நீளம் 35 அடி, அகலம் ஏழரை அடி, ஆழம் 3 அடி. கூலி நீங்கலாகச் செலவு 100 டொலருக்கும் குறைவு. சீனச் சம்பானைப் போன்ற மூங்கில் வரிச்சுப் பாய்களை அதற்குக் கட்டினார். 1888 மே 13 இல் படகு நீரில் இறங்கியது. பிறேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட நாளும் அதுவே. ஆகவே விடுதலை எனப் பொருள்படும் லிபெர்டாடே என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஜூன் 24 இல் குடும்பத்துடன் பாயெடுத்து, ஏறக்குறைய 5,500 மைல் ஓடி, தென் கரோலினாக் கரையைத் தொட்டு, டிசம்பர் 27 இல் வாஷிங்ரன் நகரை அடைந்தனர். ஹெற்றி அம்மையார் அதன் பின் கணவரோடு நெடுங்கடற் பயணம் போகவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

ஊர் திரும்பிய கப்டனுக்கு வேலை கிடைக்கவில்லை. நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்ட காலம் அது. கம்பீரமான பாய்க்கப்பல்களின் பாய்மரங்களை வெட்டி அவற்றை நிலக்கரி ஏற்றும் தெப்பங்களாக மாற்றிக் கொண்டிருந்தனர். கப்பல் கட்டும் தளத்திற் கூலிக்குச் சேர்வதானாலும் சங்கமொன்றுக்கு 50 டொலர் கட்டவேண்டி இருந்தது. 48 வயது; தெரிந்த தொழில் கண்முன்னே அழிந்து போகின்றது. இந்த நிலையில், 1892 ஆம் ஆண்டு மாரி காலத்தில், ஈபன் பியர்ஸ் என்னும் பழைய திமிங்கில வேட்டைக் கப்டன் அவருக்கு ஒரு கப்பல் தருவதாகச் சொன்னார். கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

மறுநாளே ஸ்லோக்கம் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் பெயர்ஹேவன் ஊருக்குப் போனார். கடலிலிருந்து சற்றுத் தள்ளிய ஒரு வயலில், முட்டுக் கொடுத்து, படங்குத் துணியால் மூடி, ஏழு ஆண்டுகளாக ஒரு கிழட்டுப் படகு கிடந்தது. பெயர் ஸ்பிறே. சிப்பி வாரும் தொழிலுக்குப் பாவித்தது. நூறு வயதென ஊரார் சொல்லிக் கொண்டனர். பியர்ஸ் வேடிக்கை செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. ஸ்லோக்கம் திரும்பிப் போகவில்லை. கோடரியை எடுத்துக்கொண்டு அருகில் நின்ற ஓக் மரமொன்றைத் தறித்தார். அது புதிய ஏராவாயிற்று. ஒரு கமக்காரர் சிறுதொகை பெற்று மரங்களை இழுத்து வந்து கொடுத்தார்.

வங்குகள் கப்பலின் விலா எலும்புகள் போன்றவை. அவற்றுக்கு நேரான இளமரங்களைத் தெரிந்தெடுத்தார். பெட்டியொன்று செய்து, பானையொன்றைக் கொதிகலனாக வைத்து, மரங்களை ஆவியில் அவித்தார். இளகிய மரத்தை ஒரு குற்றியின் மேல் வளைத்துக் கட்டி, வளைவு நிலைக்கும்வரை விட்டார். பழைய வங்கை எடுத்தவுடன் அதன் இடத்திற் புதியது நின்றது. அணியத்து முகப்பு மரத்துக்கு மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த ஓக் மரத்தின் மிகத் தரமான துண்டைத் தெரிவு செய்தார். வேலை பார்க்க வந்த கிழட்டுக் கப்டன்மார் அது பனிக்கட்டியையும் பிளக்கும் எனத் தீர்ப்பளித்தனர். சில ஆண்டுகளின் பின், இந்து சமுத்திரத்தின் கீலிங் தீவுகளில், அதே மரம் முருகைக் கல்லொன்றை மோதி இரண்டாகப் பிளந்தது. மரத்தில் ஒரு வடுவும் இல்லை.

பக்கப் பலகைகள் ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள ஜோர்ஜியாப் பைன். அவற்றைத் திருகு போல்ற்றுப் போட்டு முறுக்கினார். கலப்பற்றுக்கு முதலிற் பருத்தித் திரி, அதன்மேற் சணற்கூளம் என்ற முறையைக் கையாண்டார். பருத்தி உள்ளே நிற்காது, வெளியே ஊர்ந்து வந்துவிடும் எனப் பார்த்து நின்றவர்கள் பயமுறுத்தினர், அது ஊரவில்லை. அடிப்பாகத்துக்கு இரண்டு பூச்சுச் செப்பு மை. பாய்மரம் நியூ ஹாம்ஷயர் ஸ்புறூஸ் மரம். முடிந்தபோது நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம்.

இப்படிக் கட்டிய பின் மிஞ்சிய பழைய மரம் எவ்வளவு என்று கேட்டால் விடை சொல்வது கடினம். ஆனாலும் அது ஸ்பிறே என்றே பதிவில் இருந்தது. பகுதி பகுதியாகத் திருத்தி முழுவதும் புதிதானாலும் கப்பல் அதே கப்பல்தான் என்பது கப்பற் பதிவு வழக்கம். பழைய கட்டடத்தை அகற்றித் திருப்பணி செய்து கருங்கல்லால் எழுப்பிய பின்னும் கோயில் அதே கோயில்தானே.

வேலை 13 மாதங்கள் எடுத்தது. பொருட்செலவு 553 டொலர் 62 சதம். சதக் கணக்கையும் விடாது எழுதி வைத்த மனிதர் என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கிடையிற் கைச்செலவுக்காகத் துறைமுகத்தில் நின்ற திமிங்கிலக் கப்பல்களிலும் வேலை செய்தார். இதனால் வருமானம் வருமா என்பதே ஊராரின் முதற் கேள்வியாக இருந்தது. வரவில்லை. ஒரு பருவம் மீன்பிடித்துப் பார்த்தார். தூண்டிலில் இரை குத்தும் சாமர்த்தியம் தமக்கு இல்லை என்பதே அவர் கண்டது. அதன் பின்னரே உலகைச் சுற்றும் எண்ணம் உறுதியானது.

1895 ஏப்ரல் 24 இல் பொஸ்ரனிலிருந்து புறப்பட்டு, முதலிற் குளோஸ்ரர் துறைமுகத்தில் நின்றார். அங்கே கைவிடப்பட்ட வள்ளமொன்றைக் குறுக்கே அறுத்து, அறுத்த பக்கத்தைப் பலகையால் அடைத்து, ஸ்பிறேயின் தட்டில் ஏற்றிக் கொண்டார். கரைக்குப் போய்வர வள்ளம், உடுப்புத் தோய்க்கத் தொட்டி, குளிக்கத் தொட்டி எல்லாம் அதுவே. (43 ஆண்டுகளின் பின், 1938 இல், வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி எம்மவர் செலுத்த அத்திலாந்திக்கைக் கடந்து சென்றடைந்ததும் இந்தக் குளோஸ்ரர் துறைமுகத்தையே.) கடற்பயணத்துக்கு வேண்டிய நேரமானியைத் திருத்த 15 டொலர் கேட்டார்கள், அதை வீட்டில் விட்டுவிட்டார். நொவா ஸ்கோஷியாவின் யாமவுத்தில், முகக் கண்ணாடி உடைந்ததால் விலை குறைத்துக் கொடுத்த தகர மணிக்கூடொன்றை ஒரு டொலருக்கு வாங்கினார். உலகைச் சுற்றி வரும்வரை நேரம் காட்டியது அதுதான். இத்தனைக்கும் அவருக்கு நீந்தத் தெரியாது.

ஜிப்றோல்ற்றர் வரை போய், கடற்கொள்ளையர் பயத்தால் வழியை மாற்றித் தென் அமெரிக்காவுக்கு ஓடினார். புவனஸ் அயர்சில் பாய்மரத்தை 7 அடி குறைத்து அறுத்தார். மகலன் நீரிணையிற் பின்பக்கத்திலும் சிறு பாயொன்று கட்டினார். அங்கே இரவில் வந்தேறும் ஆட்களுக்கு அஞ்சித் தட்டு முழுவதும் கம்பள ஆணிகளைத் தூவிவிட்டுப் படுத்தார். வெறுங்காலுடன் ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலிற் குதித்தனர். பசிபிக்கில் ஜுவான் பெர்ணாண்டஸ் தீவிலிருந்து சமோவா வரை 72 நாட்கள் எங்கும் தரிக்கவில்லை.

தனி ஆள் எப்போது நித்திரை கொண்டார் என்ற கேள்வி எவருக்கும் எழும். அதற்கு விடை பெயர்ஹேவன் வயலில் இருக்கிறது. அகன்ற உடலும் நீண்ட நேரான ஏராவும் ஸ்பிறேயைத் திசை மாறாது பிடித்து வைத்தன. பின்காற்றில் ஓடும்போது பெரிய பாயை வெளியே விட்டு, முன்பாயை நடுவில் இழுத்துக் கட்டுவார். அணியம் சற்றே விலகினால் முன்பாயிற் காற்றுப் பிடித்து அதைத் திரும்பத் தள்ளிவிடும். சுக்கானைக் கட்டிவிட்டு அவர் சமைக்கலாம், வாசிக்கலாம், உறங்கலாம். அவுஸ்திரேலியாவின் வடக்கே உள்ள வியாழன் தீவிலிருந்து, இலங்கைக்குத் தென்கிழக்கே கிடக்கும் கீலிங் தீவுகள் வரை 2,700 மைல். 1897 இல் அதை 23 நாட்களில் ஓடினார். அந்த 23 நாட்களிலும் அவர் சுக்கானைக் கையிற் பிடித்த நேரம் எல்லாமாக மூன்று மணித்தியாலம் அளவே. இயந்திரமோ மின்சாரமோ இல்லாத படகில் நடந்தது இது.

மொரீசியஸ், தென்னாபிரிக்கா, சென்ற் ஹெலினா வழியாக 1898 ஜூன் 27 இல் றோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில் நங்கூரமிட்டார். ஆயினும் மனம் அமையவில்லை. ஜூலை 3 இல் பெயர்ஹேவனுக்கு ஓடி, முதன்முதலிற் கப்பலை இறக்கியபோது கரையில் அடித்திருந்த அதே சீடர் முளையில் ஸ்பிறேயைக் கட்டினார். 1900 இல் வெளிவந்த அவருடைய நூல் பெரும் புகழ் பெற்றது. ஸ்பிறேயின் அளவுகளைப் பின்பற்றிப் பல நாடுகளிலும் மக்கள் தமது வீட்டு வளவுகளிற் படகு கட்டினர்.

கடைசிக் காலம் அவ்வளவு நன்றாக அமையவில்லை. 1902 இல் மார்த்தாஸ் வின்யாட் தீவில் காணி வாங்கிக் கமம் செய்து பார்த்தார்; கால் நிலத்தில் நிற்கவில்லை. 1906 இல் ஒரு வழக்கில் அகப்பட்டு 42 நாட்கள் மறியலில் இருந்தார். ஒரு காலம் ஒவ்வொரு பலகையையும் தடவிப் பார்த்து வைத்த ஸ்பிறேயும் பராமரிப்பின்றிப் பழுதடையத் தொடங்கியதை அந்நாட்களிற் கண்டவர்கள் எழுதியுள்ளனர். கயிறுகள் நைந்தன; தட்டுப் பலகைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. ஆனாலும் மாரி தொடங்கும்போது தெற்கு நோக்கிப் பாயெடுப்பதை அவர் விடவில்லை. அப்படித் தென் அமெரிக்காவின் ஒறினோக்கோ ஆற்றை நினைத்துத் தனியே புறப்பட்ட ஒரு பயணத்திலிருந்து அவர் திரும்பவில்லை. ஸ்பிறேயின் ஒரு பலகைதானும் எங்கும் கரையொதுங்கவில்லை. 1909 நவம்பர் 14 ஆந் திகதி காணாமற் போனவராகக் கொண்டு, 1924 இல் நீதிமன்றம் அவரை இறந்தவரெனப் பதிவு செய்தது.