ஜேம்ஸ் ஹெரிக்

ஜேம்ஸ் பிரையன் ஹெரிக் (ஆகஸ்ட் 11, 1861 - மார்ச் 7, 1954) ஓர் அமெரிக்க மருத்துவர் ஆவார். மாரடைப்புக்கு உள்ளானோர் பிழைக்கவும் கூடும் என்பதை மருத்துவ உலகிற்கு எடுத்துக்காட்டியவர்.

வாழ்க்கை

இலினொய் மாநிலத்தின் ஓக் பார்க்கில் பிறந்தார். 1888 இல் சிக்காகோவின் ரஷ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1910 இல் அரிவாள் வடிவச் சிவப்பணுக்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார்.

மாரடைப்பு ஆய்வு

இதயத்தின் முடியுருத் தமனி திடீரென அடைபட்டால் இறப்பு உறுதி என்றே அக்கால மருத்துவர் பலர் கருதினர். ஹெரிக் 1912 இல் வெளியிட்ட கட்டுரையில் நோயாளிகளை நான்கு வகையாகப் பிரித்தார்:

* நொடியில் இறப்போர்
* சில நிமிடங்களில் இறப்போர்
* கடுமையாக நோயுற்றுப் பின்னர் இறப்போர் அல்லது குணமடைவோர்
* இலேசான அறிகுறிகள் மட்டும் உடையோர்

பிழைத்தோருக்குப் படுக்கை ஓய்வைப் பரிந்துரைத்தார். தொடக்கத்தில் இக்கட்டுரை கவனம் பெறவில்லை. இதய மின்னலை வரைவுச் சான்றுகளை 1919 இல் அவர் முன்வைத்த பின்னரே இக்கருத்து பரவலாக ஏற்கப்பட்டது.