ட்ரூமனும் அவர் எழுதிய கடிதங்களும்

போர்மேற் சென்ற தலைவன் பாசறையிலிருந்து தன் தலைவியை நினைதலை நம் அகப்பொருள் நூலார் முல்லைத் திணையுள் வைத்து விரித்துரைத்தனர். அத்தலைவனுக்குக் கார் தொடங்குமுன் மீள்வேன் என்று குறித்துச் சொன்ன பருவமாவது உண்டு. இக்காலப் பெரும் போர்களிற் சென்றவர்க்கோ மீளும் பருவமும் இல்லை. கடிதம் ஒன்றே துணை. அத்துணையைப் பற்றி நின்ற ஒருவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுந்தோம். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 33-ஆம் குடியரசுத் தலைவராய் விளங்கிய ஹாரி ட்ரூமன் ஆவர்.

ட்ரூமன் 1884-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் மிஸ்ஸௌரி மாநிலத்து லாமர் என்னும் ஊரில் உழவர் குடியிற் பிறந்தார். ஆறாம் வயதில், இண்டிபெண்டன்ஸ் நகரத்தில் ஞாயிறுதோறும் சிறுவர்க்கு நடந்த சமய வகுப்பில், பெஸ் வாலஸ் என்னும் சிறுமியைக் கண்டார். அன்று தோன்றிய அன்பு அவர் வாழ்நாள் முழுதும் மாறவில்லை. இருவரும் 1901-இல் ஒரே பள்ளியிற் படித்துத் தேறினர். அதன்பின் ட்ரூமனின் தந்தையார் பொருளிழந்தமையால் அவர் கல்லூரி செல்ல இயலவில்லை. சில காலம் வங்கியிற் கணக்கெழுதினார். 1906-இல் கிராண்ட்வியூ என்னும் இடத்திலிருந்த குடும்ப நிலத்திற்குத் திரும்பி ஏர் பிடித்தார்.

பெஸ் பிறந்ததோ மாவாலையால் செல்வம் பெருக்கிய குடும்பம். அவர் தந்தையார் 1903-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அத்துயரின்பின் தாயார் மகளையே பற்றுக்கோடாகக் கொண்டார். கடன்பட்ட உழவன் ஒருவன் தம் மகளுக்கு ஒப்பாவான் என அவ்வம்மையார் கருதவில்லை. செல்வத்தைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கும் வழக்கம் எந்நாட்டிலும் உண்டென்பது இதனால் விளங்கும்.

1910-இல் ட்ரூமன் இண்டிபெண்டன்ஸில் தம் உறவினர் இல்லத்துக்குச் சென்றிருந்தார். அண்டை வீட்டிலிருந்து பலகாரம் வந்த தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வேலையை அவரே விரும்பி ஏற்றுச் சென்றார். கதவைத் திறந்தவர் பெஸ். அன்று முதல் கடிதங்கள் தொடங்கின. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ இருபது மைல். பகலெல்லாம் உழுது களைத்தவர் இரவில் அமர்ந்து எழுதினார். 1911-இல் தம்மை மணக்க இசைவாரோ எனக் கடிதத்திலேயே வினவினார். பெஸ் மறுத்தார். ட்ரூமன் சினக்கவுமில்லை, எழுதுவதை நிறுத்தவுமில்லை. நட்பே போதுமென்று தொடர்ந்து எழுதிவந்தார். 1913-இல் பெஸ் தாம் மணப்பதாயின் அவரையே மணப்பதாக வாக்களித்தார்.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரிற் புகுந்தது. அப்போது ட்ரூமனுக்கு வயது 33. கண்பார்வையோ மிகக் குறைவு. முன்னர் 1905-இல் மாநிலக் காவற்படையிற் சேர்ந்தபோது, கண் சோதனைப் பலகையின் எழுத்துக்களை மனப்பாடம் செய்தே தேறினார் என்பர். உழவுத் தொழிலையும் வயதையும் காட்டி அவர் வீட்டில் இருந்திருக்கலாம், இருந்திலர். தாமே முன்வந்து மீண்டும் படையிற் சேர்ந்தார்.

புறப்படுமுன் மணம் முடித்துச் செல்லவேண்டுமென்ற ஆசை அவரை வாட்டியது. பல ஆண்டு காத்திருந்து பெற்ற வாக்கு அது. ஆயினும் அதனைக் கேட்பதில்லையென்று உறுதி கொண்டு, அதற்குரிய காரணத்தைப் பெஸுக்கே எழுதினார். தாம் உறுப்பிழந்து மீளலாம், மீளாமலும் போகலாம், அவ்வாறு நேரின் ஒரு முடவனுக்கோ வெறும் நினைவுக்கோ பெஸைக் கட்டிவைத்தல் தகாதென்பது அவர் கருத்து. கையெட்டும் தூரத்தில் நின்ற இன்பத்தை, அவ்வின்பத்திற்குரியவளின் நன்மை கருதியே விலக்கிவைத்த இச்செயல் எம் மனத்தைப் பெரிதும் உருக்குகின்றது.

1918 மார்ச்சு 30-இல் அவர் கப்பலேறினார். பெஸ் கொடுத்த புகைப்படம் அவர் சட்டைப் பையில் இருந்தது. அது அவரைப் பிரான்சு நாட்டிலிருந்து நலமே மீட்டுக் கொணர்க என்னும் வாழ்த்தை அவர் அதன்மேல் எழுதியிருந்தார். சூலை மாதத்தில் ட்ரூமன், 129-ஆம் பீரங்கிப் படையைச் சேர்ந்த ‘டி’ பிரிவின் தலைவரானார். முன்னிருந்த தலைவர்களுக்கு அடங்காத ஏறத்தாழ இருநூறு முரட்டு வீரர் கொண்ட பிரிவு அது. ஆகஸ்டு 29-ஆம் நாள் இரவு வோஸ்ஜ் மலைப்பகுதியில் பகைவர் குண்டுகள் விழ, வீரர் பலர் அஞ்சி ஓடினர். ட்ரூமன் நின்ற இடத்தில் நின்று கடுஞ்சொற்களால் இடித்துரைத்து அவர்களை ஒன்றுசேர்த்தார். செப்டம்பர் 26-இல் தொடங்கிய ஆர்கோன் பெரும்போரிலும் அப்பிரிவை நடத்தினார். அவ்வீரர் பலர் 1949-இல் அவர் பதவியேற்ற ஊர்வலத்தில் அவருடன் நடந்தனர்.

இத்துணை இடர்களுக்கிடையிலும் கடிதங்கள் நின்றில. ஊர்ப்பெயரையும் படையின் இடத்தையும் எழுதலாகாதென்பது தணிக்கை விதி. எனவே அவர் உடல் நலத்தையும், உண்ட உணவையும், கடல் கடந்து கடிதம் வாராத நாட்களின் ஏக்கத்தையுமே எழுதினார். வெர்டன் அருகே பகைவர் கண்ணெதிரே இருந்த பதுங்குகுழியின் ஓரத்தில் பூக்கள் மலர்ந்திருக்கக் கண்டு, இரண்டைப் பறித்துக் கடிதத்துள் வைத்தனுப்பினார். உடன் சென்ற கீழதிகாரியும் தம் காதலிக்கென இரண்டைப் பறித்துக்கொண்டார். போர் ஓய்ந்த நவம்பர் 11-ஆம் நாளன்றும் ட்ரூமன் கடிதமெழுத மறந்திலர்.

1919 சூன் 28-இல் திருமணம் நிறைவேறியது. பின்னர் நண்பரொருவருடன் தொடங்கிய ஆடைக்கடை 1922-இல் நொடித்தது. கடனை ஆண்டுக்கணக்கில் அடைத்துவந்தார். மாமியார் இல்லத்திலேயே வாழ்ந்து, அவர் ஏளனத்தைப் பொறுத்தார். 1945-இல் குடியரசுத் தலைவரானபின் அம்மூதாட்டியையும் உடன் அழைத்துச் சென்றார். தம் மருமகனை ஒப்பல்லன் என்று கருதிய அவர், அம்மருமகன் வாழ்ந்த வெள்ளை மாளிகையிலேயே 1952-இல் உயிர் நீத்தார்.

மற்றொன்றையும் மறையாது கூறுதல் எம் கடமை. ஒரு பெண்ணைக் கைம்மைத் துயரிலிருந்து காக்கத் தம் மணத்தைத் தள்ளிவைத்த இவரே, 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின்மேல் அணுகுண்டு வீச ஒப்புதல் தந்தவர். அங்கு எத்துணை இல்லங்கள் விளக்கிழந்தன! தன் வீட்டின் துயரை நுண்ணிதின் உணரும் நெஞ்சம் தொலைவிலுள்ளார் துயரையும் அவ்வாறே உணர்வது எளிதன்றெனத் தெளிகின்றோம்.

ட்ரூமன் 1972-இலும் பெஸ் 1982-இலும் மறைந்தனர். ட்ரூமன் எழுதியவற்றுள் 1,300-க்கு மேற்பட்ட கடிதங்கள் எஞ்சியுள்ளன. பெஸ் தாம் எழுதியவற்றிற் பெரும்பகுதியைத் தம் கையாலேயே தீயிலிட்டார். வரலாற்றை எண்ணிப்பார் எனக் கணவர் தடுத்தபோது, அதனை எண்ணியே எரிப்பதாக விடையிறுத்தார் என்பர். தம் கணவர் எழுதியவற்றை மட்டும் காத்துவைத்தார்.

பொருள் தேடியும் பணி மேற்கொண்டும் தொலைவிற் செல்லும் நம் இளைஞர் இவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. வாக்குப் பெறுதல் ஒரு நாளிற் கூடும். அதற்குத் தகுதியாதல் பல்லாண்டு முயற்சி. தமக்கு உரியதையும் பிறர் நலம் நோக்கிக் கேளாது நிற்றல் அன்பின் உயர்நிலை. அந்நிலையில் நின்றார் ஒருவர், கையில் எழுதுகோல் ஒன்றோடு, பீரங்கிகளின் அருகே.