ரூமையே ஸ்பீக்கராக்கிய மனுஷன்: பால் கிளிப்ஷ்

ஸ்பீக்கர் வாங்கணும்னு முடிவு பண்ணினா நம்ம பசங்க முதல்ல கேட்கிறது ஒரே கேள்விதான். எத்தனை வாட்ஸ்? பெட்டி மேல 500, 1000னு பெருசா நம்பர் போட்டிருந்தா மனசு நிறைஞ்சிடும். அந்தப் பெட்டியை எந்த ரூம்ல, எந்த இடத்துல வைக்கப் போறோம்னு யாரும் கேட்கிறது இல்லை. ஒருத்தர் தன் 98 வருஷ வாழ்க்கையில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது கேள்விக்கே கொடுத்தார். அவர் பெயர் பால் வில்பர் கிளிப்ஷ்.

1904 மார்ச் 9-ஆம் தேதி, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்ற ஊரில் பிறந்தார். பித்தளை பேண்டு வாத்தியங்கள் செய்வதற்குப் பெயர் போன ஊர் அது. 12 வயதில் அப்பாவை இழந்தார். 15 வயதில் தானே ஒரு ரேடியோ ரிசீவர் கட்டினார். இதில் வேடிக்கை என்னன்னா, அப்போ கேட்பதற்கு முறையான ரேடியோ நிகழ்ச்சியே கிடையாது. பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது 1920 நவம்பரில்தான்.

1926-இல் நியூ மெக்சிகோவில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். காலேஜ் பேண்டில் கார்னெட் வாசித்தவர். கார்னெட்டை ஒரு தடவை உற்றுப் பாருங்க. உதடு வைக்கிற இடம் சின்னது, குழாய் வளைஞ்சு மடிஞ்சு போய், கடைசியில் வாய் அகலமா விரியும். பின்னாடி அவர் செய்த ஸ்பீக்கரும் உள்ளே கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

படிப்பு முடிந்ததும் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை. 1928-இல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போனார். டோகோபில்லா என்ற ஊரில், நைட்ரேட் உப்பு ஏற்றிச் செல்லும் ரயில்களின் மின்சார இன்ஜின்களைப் பராமரிக்கும் வேலை. திரும்பி வந்து ஸ்டான்ஃபோர்டில் மேற்படிப்பு படித்தார். பிறகு டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில், பூமிக்கு அடியில் எண்ணெய் தேடும் ஜியோஃபிசிக்ஸ் வேலை. ஒரே துறையில் நிற்காத ரெஸ்யூமே. ஆனா போன இடமெல்லாம் ஒரு சந்தேகம் கூடவே வந்தது. ஸ்பீக்கர் ஏன் நிஜ வாத்தியம் மாதிரி கேட்க மாட்டேங்குது?

இதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் தியரி தேவை. சாதாரண ஸ்பீக்கரில் ஒரு காகிதக் கோன் முன்னும் பின்னும் ஆடி காற்றைத் தள்ளுகிறது. கோன் கனமானது, காற்று லேசானது. இரண்டுக்கும் இம்பீடன்ஸ் பொருந்தாது. மேக்சிமம் பவர் டிரான்ஸ்ஃபர் தியரம் நமக்கு இரண்டாம் செமஸ்டரிலேயே வந்துடுச்சு. பொருந்தாத லோடுக்கு பவர் போய்ச் சேராது. அதனால ஆம்ப்ளிஃபையர் கொடுக்கும் பவரில் பெரும்பகுதி வாய்ஸ் காயிலில் சூடாகவே போய்விடும். ஹார்ன் இந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை பார்க்கிறது. சின்ன வாயில் தொடங்கி மெதுவா விரிந்து, கோனை வெளிக்காற்றோடு பொருத்துகிறது. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட நாம் கையைக் குவிக்கிறோமே, அதே விஷயம்தான். திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும் இதே கொள்கைதான்.

அப்போ குழாய் ஸ்பீக்கரில் ஏன் பேஸ் வருவதில்லை? அளவு போதாது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மீட்டர். ஒரு ஹார்னின் வாய் அந்த ஒலியை ஒழுங்கா வெளியே விட, வாயின் சுற்றளவு ஏறக்குறைய ஒரு அலைநீளம் இருக்கணும். கணக்குப் போட்டா விட்டம் 2.7 மீட்டர், அதாவது 9 அடி. இதை யார் வீட்டு ஹாலில் வைப்பது?

கிளிப்ஷ் இதற்குக் கண்ட வழி, ரூமின் மூலை. ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் ஒலி பரவும் வெளி பாதியாகும். ஒரு சுவரோடு சேர்த்தால் கால் பங்கு. இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தால் எட்டில் ஒரு பங்கு. அதனால ஹார்னின் வாயும் எட்டில் ஒரு பங்கு பரப்பு இருந்தா போதும். மீதி வேலையை அந்த ரெண்டு சுவரும் தரையும் பார்த்துக்கும். வாய் சின்னதானாலும் குழாய் நீளமா வேணும். அதை கார்னெட் மாதிரி பெட்டிக்குள்ளேயே மடித்தார். 15 அங்குல வூஃபரின் ஒலி உள்ளே இரண்டாகப் பிரிந்து, மடிந்து, பெட்டியின் இரு பக்கமும் சுவரை ஒட்டி வெளியே வருகிறது. ஹார்னின் கடைசிப் பகுதி மரம் இல்லை, வீட்டுச் சுவர். 1941-இல் அமெரிக்க அகூஸ்டிக்கல் சொசைட்டியின் ஜர்னலில் இதைக் கட்டுரையாக எழுதினார். 1943-இல் ஒரு பேட்டன்ட் கிடைத்தது.

அதற்குள் இரண்டாம் உலகப் போர். ராணுவத்தில் சேர்ந்தவரை ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். குண்டுகளைச் சோதித்துப் பார்க்கும் பெரிய ராணுவ மைதானம் அங்கே இருந்தது. போர் முடிந்தது, மைதானம் மூடப்பட்டது, வந்தவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். கிளிப்ஷ் கிளம்பவில்லை. 1946-இல் அதே ஊரில் ஒரு தகரக் கொட்டகையில் கம்பெனி தொடங்கினார். ஸ்பீக்கரின் பெயர் கிளிப்ஷார்ன். அப்போது அவருக்கு வயது 42. 1948 வரை அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தது அவர் ஒருத்தர் மட்டும்தான். பிளேஸ்மென்ட் சீசனில் இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்தது.

கிளிப்ஷார்னுக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 105 டெசிபல் சத்தம் வரும். 87 டெசிபல் தரும் ஒரு சாதாரண ஸ்பீக்கர் அதே சத்தம் எழுப்ப 60 வாட்டுக்கு மேல் வேணும். வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் பத்து இருபது வாட் கொடுத்த காலத்தில் இது பெரிய விஷயம். ஆனா கிளிப்ஷுக்கு சத்தம் முக்கியம் இல்லை, சுத்தம்தான் முக்கியம். ஹார்ன் இருந்தால் அதே சத்தத்துக்கு கோன் ரொம்பக் கொஞ்சம்தான் ஆடும். கோன் அதிகம் ஆடினால் ஒரு சுரம் இன்னொரு சுரத்தோடு கலந்து, பாட்டில் இல்லாத ஒலிகள் முளைக்கும். இந்த மாடுலேஷன் டிஸ்டார்ஷனை அவர் பல வருஷம் அளந்து கட்டுரைகள் எழுதினார்.

சரி, இதுல குறையே இல்லையா? இருக்கு. சுவரே ஹார்ன் என்றால் சுவர் சரியா இருக்கணும். மூலையின் இரு பக்கமும் சில அடிக்குக் கதவோ ஜன்னலோ இருக்கக் கூடாது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விட்டால் பேஸ் அந்த வழியே கசிந்துவிடும். லேசான பலகைச் சுவர் என்றால் சுவரே அதிர்ந்து ஒலியைத் தின்னும். ஸ்டீரியோ கேட்க இப்படி ரெண்டு மூலை வேணும், அதுவும் ஒரே சுவரில். பணம் இருந்தாலும் ரூம் இல்லாதவங்களுக்கு இந்த ஸ்பீக்கர் இல்லை.

1950-களில் ஸ்டீரியோ வீடுகளுக்கு வந்தபோது இந்தப் பிரச்சினை அவர் வாசலுக்கே வந்தது. அகலமான ரூமில் இரண்டு மூலைகளும் தள்ளித் தள்ளி இருக்கும். பாடகர் நடுவில் நிற்பது போலக் கேட்காமல், நடுவில் ஓட்டை விழும். ஸ்பீக்கர்களை நெருக்கி வைக்கலாம்னா மூலையை விட்டுடணும். மூலையை விட்டா அவர் கண்டுபிடிப்பே போச்சு.

விடை பழைய ஒரு சோதனையில் இருந்தது. 1933-இல் பெல் லேப்ஸ், பிலடெல்பியாவில் வாசித்த ஆர்கெஸ்ட்ராவை மூன்று சேனல்களில் வாஷிங்டன் அரங்கத்துக்கு அனுப்பிக் காட்டியது. இடது, வலது மட்டும் இல்லாமல் நடுவிலும் ஒன்று. கிளிப்ஷ் இதைப் பிடித்துக்கொண்டார். இடதையும் வலதையும் கலந்து நடுவில் ஒரு சின்ன ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் ஓட்டை அடையும். ஆனா அந்த நடு ஸ்பீக்கர் மூலையில் நிற்க முடியாது. சின்னதா இருக்கணும்னா அதன் பேஸுக்கு ஹார்னும் வைக்க முடியாது. இத்தனை வருஷம் எதெல்லாம் தப்புன்னு சொல்லி வந்தாரோ, அதையே அவர் கையால் செய்யணும்.

1957-இல் செய்தார். இது அவருடைய கொள்கைக்கே விரோதம் ஆச்சேன்னு ஒரு நண்பர் கேலி பண்ண, கிளிப்ஷ் கோபப்படவில்லை. அந்த வார்த்தையையே ஸ்பீக்கருக்குப் பெயராக வைத்துவிட்டார். ஹெரிசி, அதாவது மதவிரோதம். விட்டுக்கொடுத்ததை மறைக்காமல் பெட்டி மேலேயே எழுதி விற்ற இன்ஜினியர் வேற யாரும் எனக்குத் தெரியலை. அதைவிட ஆச்சரியம், இன்றும் அந்த ஸ்பீக்கர் விற்பனையில் இருக்கு.

பொய் விளம்பரம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. கோட் காலருக்குக் கீழே ஒரு மஞ்சள் பேட்ஜ் குத்தியிருப்பார். அதில் கொச்சையான ஒரே ஒரு வார்த்தை. நம்ம பாஷையில் சொன்னா 'ரீல்' விடுறேன்னு அர்த்தம். யாராவது இயற்பியலுக்கு ஒத்துவராத எதையாவது அளந்துவிட்டால், ஒண்ணும் பேசாமல் காலரைத் திருப்பிக் காட்டுவார். தன் ஸ்பீக்கரையும் அவர் சும்மா விடவில்லை. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஆர்கெஸ்ட்ராக்களை நேரில் பதிவு செய்து, ஹோப்பில் அதைப் போட்டுக் கேட்டு, நிஜத்தோடு ஒப்பிடுவார்.

1978-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி அவருக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. 1989-இல் கம்பெனியை உறவினர் ஃப்ரெட் கிளிப்ஷிடம் விற்றார். அவர் படித்த காலேஜின் எலெக்ட்ரிக்கல் துறை இன்று அவர் பெயரில் இயங்குகிறது. 2002 மே 5-ஆம் தேதி, அதே ஹோப் ஊரில் காலமானார். ராணுவ மைதானத்தின் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் இப்போது அவர் பெயரில் மியூசியம்.

கிளிப்ஷார்ன் 1946 முதல் இன்றுவரை தயாரிப்பில் இருக்கு. சமீபத்திய மாடலில் பின்பக்கத்தையும் மூடிவிட்டார்கள், அதனால் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் பேஸ் கசியாது. மூலை மட்டும் இன்னும் வேணும்.

நம்மில் யாரும் இப்போதைக்கு அதை வாங்கப் போறது இல்லை, விலை அப்படி. ஆனா ஹாஸ்டல் ரூமில் இருக்கும் சின்ன புளூடூத் ஸ்பீக்கரை இன்னைக்கு ராத்திரி மேஜை நடுவில் இருந்து எடுத்து, தரையில் ரெண்டு சுவர் சேரும் மூலையில் வச்சுக் கேளுங்க. பேஸ் கூடும். பைசா செலவு கிடையாது. பக்கத்து ரூம்காரன் மட்டும் வந்து கதவைத் தட்டுவான்.