வெறுங்காலில் செல்டிக் ஜெர்சி: யார் இந்த முகமது சலீம்?

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலைக்காக ஊரை விட்டு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு, முகமது சலீமின் கதை சட்டென்று புரியும்.

1904-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். ஃபுட்பாலில் ரைட் விங்கர். ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் என கிளப் மாறி மாறி ஆடியவர், 1934-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் அணிக்கு வந்தார். அந்த ஆண்டே கல்கத்தா லீக் கோப்பை. அதை வென்ற முதல் இந்திய கிளப் அதுதான்.

1936-ல் உறவினர் ஒருவர் சலீமை ஸ்காட்லாந்து அழைத்துப் போனார். கிளாஸ்கோவின் செல்டிக் கிளப்பில் ட்ரயல். பூட்ஸ் போட்டுப் பழக்கமில்லை. காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு இறங்கினார். ஆடியது இரண்டே மேட்ச். ஹாமில்டனை 5-1, கால்ஸ்டனை 7-1 என செல்டிக் தோற்கடித்தது.

இருந்துவிடச் சொன்னது கிளப். ஆனால் ஊர் ஞாபகம் விடவில்லை. கிளம்பி வந்துவிட்டார். திரும்பவும் முகமதன், திரும்பவும் லீக் கோப்பை.

கடைசிக் காலத்தில் சலீமுக்கு உடம்பு முடியாமல் போக, சிகிச்சைக்குப் பணம் தேவை என்று மகன் செல்டிக்குக்கு எழுதினார். உண்மையில் பணம் வேண்டியதில்லை; அப்பாவை அங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா என்று தெரிந்தால் போதும். பதிலோடு 100 பவுண்டுக்கு டிராஃப்ட் வந்தது.

1980-ல் சலீம் இறந்தார். அந்த டிராஃப்டை மகன் பணமாக்கவில்லை, பத்திரமாக வைத்துக்கொண்டார்.